கையை மரக்கவைத்த ஊசியில் ஸ்டீராய்டும் இருந்தது

வலது மணிக்கட்டில் தகடு வைத்து ஐந்து மாதம் ஆகிறது. பேனா பிடிக்க முடிகிறது, தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை. இதில் பாதியை இடது கையால் தட்டினேன், மீதியை போனிடம் பேசி எழுத்தாக்கினேன். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்கு அடுத்த 24 மணி நேரத்தில் தனியாகப் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன். முந்தின நாள் யாராவது இரண்டு நிமிடம் ஒதுக்கிப் பேசியிருந்தால் அதில் முக்கால்வாசி நடந்தே இருக்காது.

எனக்கு வயது 54. திருச்சியில் தனியாக இருக்கிறேன். கணவர் இல்லை, மகள் ஹைதராபாத்தில் வேலை பார்க்கிறாள். ஒன்பது வருடமாக சுகர், காலையும் இரவும் மாத்திரை. ஐப்பசி மழையில் ஒரு திங்கட்கிழமை காலை, மோட்டார் போடப் பின்பக்கம் போனவள் பாசியில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முள்கரண்டியைப் போல வளைந்துவிட்டது. எக்ஸ்ரேயில் ஆரை எலும்பின் கீழ் முனை மூன்று துண்டாக உடைந்திருந்தது. மாவுக்கட்டு மட்டும் போதாது, தகடு வைக்க வேண்டும் என்றார் எலும்பு டாக்டர். வீக்கம் வடிந்ததும் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. இன்சூரன்ஸ் ஒப்புதல் வந்துவிட்டதால் அந்தச் செலவைப் பற்றிப் பெரிய கவலை இல்லை.

புதன்கிழமை மயக்க மருந்துக்கான பரிசோதனை. ரத்தம், இ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் சுகர் 142, மூன்று மாத சராசரி 7.4. ஆபரேஷனுக்குத் தடை இல்லை என்று ஒரு இளம் டாக்டர் எழுதிக் கொடுத்தார். மறுநாள் ஊசி போடப் போகிறவர் அவர் இல்லை. அது அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. இப்போது சொல்கிறேன், ஊசி போடப் போகிறவர் யார் என்று கேட்டு, அவரிடம் ஐந்து நிமிடம் பேச முடியுமா என்று முந்தின நாளே கேளுங்கள். ஆபரேஷன் மேஜையில் பச்சைத் துணிக்கு நடுவே படுத்துக்கொண்டு யாருக்கும் கேள்வி கேட்க வராது.

வியாழக்கிழமை காலை பத்து மணி. மயக்க மருந்து டாக்டர் வந்தார், அமைதியான மனிதர். "முழு மயக்கம் வேணாம்மா. காறை எலும்புக்கு மேல ஒரு ஊசி, கை மட்டும் மரத்துடும், நீங்க முழிச்சிட்டே இருக்கலாம்" என்றார். கழுத்துக்குக் கீழே ஸ்கேன் கருவியை வைத்து, திரையில் திராட்சைக் கொத்து மாதிரித் தெரிந்த நரம்புகளைக் காட்டினார். கைக்குப் போகும் நரம்புகள் எல்லாம் அந்த இடத்தில் ஒன்றாகச் சேர்ந்து கிடக்குமாம். ஒப்புதல் படிவத்தில் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டேன். இருபது நிமிடத்தில் கை கனத்து, பிறகு இல்லாமலே போனது போல் ஆனது. ஒன்றேகால் மணி நேரம் துளை போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, வலி துளியும் இல்லை. இது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று உண்மையிலேயே நெகிழ்ந்து போனேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நர்ஸ் தங்கை, "ராத்திரி எட்டு ஒன்பதுக்கு உணர்ச்சி வந்துடும்மா, கையைத் தொங்க விடாதீங்க" என்றார். வலி மாத்திரைக்கு நேரே எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தது, அதாவது தேவைப்பட்டால் மட்டும். எனக்குத்தான் வலியே இல்லையே! எதிர்வீட்டு அக்கா கொண்டுவந்த மூன்று இட்லியைச் சாப்பிட்டேன், சுகர் மாத்திரையைப் போட்டேன், வலி மாத்திரையைத் தொடவே இல்லை. அன்று செய்த தவறுகளில் பெரியது இதுதான், ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஒன்பது மணி ஆனது, உணர்ச்சி வரவில்லை. பதினொன்று ஆனது, அப்போதும் இல்லை. இடது கையால் வலது விரல்களைத் தொட்டால் யாரோ ஒருவருடைய விரலைத் தொடுவது போல் இருந்தது, வெதுவெதுப்பாக, என்னுடையதாக இல்லாமல். நரம்பைக் குத்திவிட்டார்களோ என்று முதல் பயம் அப்போது வந்தது. மகளிடம் சொல்லவில்லை, அவள் அங்கிருந்து என்ன செய்வாள். தலையணை மேல் கையை வைத்துக்கொண்டு எப்படியோ தூங்கினேன்.

ஒன்றே முக்காலுக்கு விழிப்பு வந்தது. தொண்டை வறண்டு கிடந்தது, ஒரு சொம்புத் தண்ணீரும் போதவில்லை. குளியலறைக்கு எழுந்தபோது கழுத்தில் மாட்டியிருந்த தூளியிலிருந்து கை நழுவி, மாவுக்கட்டோடு கன்னத்தில் இடித்தது. வலித்த கன்னத்தைப் பார்க்கலாம் என்று விளக்கைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றேன். வலது கண்ணிமை பாதி மூடிக் கிடந்தது. உள்ளே எல்லாம் நின்றுபோனது. என் அப்பாவுக்கு 58 வயதில் பக்கவாதம் வந்தது. வலது கை அசையவில்லை, வலது கண் தொங்குகிறது, எனக்கும் சுகர் உண்டு. வேறு எதை நினைப்பேன்?

சுகர் பார்க்கும் மெஷினை எடுத்தேன். இடது கை விரலில் குத்திக்கொள்ள வலது கை இல்லை. அதனால் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது விரலில் இடது கையால் குத்தினேன். குத்தியதே தெரியவில்லை, ரத்தம் மட்டும் வந்தது. அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்துவிட்டது. மெஷின் 356 காட்டியது. என் வாழ்நாளில் 250-ஐத் தாண்டியதில்லை. ஆபரேஷன் செய்த இடத்துக்கு போன் செய்தேன். எடுத்தவர் தூக்கக் கலக்கத்தில், டாக்டர் காலை பத்து மணிக்கு வருவார் என்றார். எதிர்வீட்டு அக்காவை எழுப்பினேன். அவர் மகன் ஆட்டோ பிடித்து வந்தான். பக்கத்தில் இருந்த வேறொரு ஆஸ்பத்திரியின் கேஷுவால்ட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை.

அங்கிருந்த டியூட்டி டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். சிரிக்கச் சொன்னார், பேசச் சொன்னார், இரண்டு காலையும் தூக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. நகத்தை அழுத்தி விட்டு ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தார். "பக்கவாதம் மாதிரி தெரியல, ஆனா ரிஸ்க் எடுக்க முடியாது" என்று மூளைக்கு சி.டி. ஸ்கேன் எழுதினார். டிஸ்சார்ஜ் சீட்டில் கை மரக்க ஊசி போட்டது என்று ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். என்ன மருந்து, எவ்வளவு, எவ்வளவு நேரம் நிற்கும், எதுவும் இல்லை. சுகர் ஏன் திடீரென்று ஏறியது என்று அவருக்கும் புரியவில்லை. கிருமித் தொற்றா என்று ரத்தப் பரிசோதனை, சிறுநீரில் கீட்டோன் இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை, பிறகு இன்சுலின், டிரிப். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தபோது விடிந்துவிட்டது.

அத்தோடு முடியவில்லை. ஒன்பதரை மணிக்கு சுண்டுவிரலில் எறும்பு ஊர்ந்தது. அடடா, உயிர் வருகிறது என்று அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அடுத்த முக்கால் மணி நேரத்தில் வந்த வலியை எந்த வார்த்தையில் எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு குழந்தை பெற்றிருக்கிறேன், விழுந்து கை ஒடிந்த வலியும் தெரியும். இது எரிச்சலும் குடைச்சலும் சேர்ந்து எலும்புக்குள்ளிருந்து ஒரே வீச்சில் எழுந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். ஊசி மேல் ஊசி போட்டார்கள், அது வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை ஒன்றரை மணி நேரம் ஆனது. அதில் ஒரு மருந்து வாந்தியையும் கொண்டுவந்தது.

மதியம் மகள் எப்படியோ நம்பர் பிடித்து, மயக்க மருந்து டாக்டரையே என்னிடம் பேச வைத்தாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்ககிட்ட யாரும் சொல்லலையாம்மா? மரக்கிற மருந்தோட டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு எட்டு மில்லிகிராம் சேர்த்திருந்தேன். கை ஒரு நாள் வரைக்கும் மரத்திருக்கும். சுகரும் ஏறும்" என்றார். கண்ணிமை தொங்கியதும் அதே ஊசியால்தானாம். கழுத்துப் பக்கம் போடும் மருந்து, கண்ணுக்குப் போகும் ஒரு நரம்புச் சங்கிலியையும் சிலருக்கு மரக்கவைத்துவிடும். கை சரியாகும்போது இதுவும் தானே சரியாகும். அன்று மதியமே என் இமை தூக்கிக்கொண்டது. இரவெல்லாம் நான் பயந்த மூன்றுக்கும் பதில் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. அந்த ஒரு நிமிடம் முந்தின நாள் எனக்குக் கிடைக்கவில்லையே என்று கோபத்தில் உடம்பு நடுங்கியது. அவர் மன்னிப்புக் கேட்டார். மனதார நான் அதை ஏற்றுக்கொள்ள இரண்டு மூன்று நாள் ஆனது.

ஆன செலவையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனுக்கு 3,500, ரத்தப் பரிசோதனைகளுக்கு 2,900, படுக்கைக்கும் டாக்டருக்கும் 5,200, மருந்துக்கு 1,150, ஆட்டோவுக்கு 400. மொத்தம் 13,150 ரூபாய். ஆபரேஷனுக்குப் பிறகு 60 நாள்வரை ஆகும் சிகிச்சைச் செலவை என் பாலிசி தரும் என்று தைரியமாக அனுப்பினேன். 'பக்கவாதச் சந்தேகம்' என்று சீட்டில் இருந்ததால் கை முறிவுக்கு இது சம்பந்தமில்லை என்று திருப்பிவிட்டார்கள். மயக்க மருந்து டாக்டர், இன்ன மருந்து கொடுத்தேன், இந்த அறிகுறிகள் அதன் விளைவு என்று ஒரு கடிதம் கொடுத்தார். அதை வைத்து மறுபடி அனுப்பி, இரண்டு மாதம் அலைந்து 8,100 ரூபாய் திரும்பி வந்தது. இப்படி ஏதாவது நடந்தால் அன்றைக்கே அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பில்களின் அசலையும் பத்திரப்படுத்துங்கள்.

அதன் பிறகு படிக்க ஆரம்பித்தேன், மறு பரிசோதனைக்குப் போனபோது அந்த டாக்டரிடமே உட்கார்ந்து கேட்டேன். டெக்ஸாமெத்தசோன் நமக்குப் புதுப் பெயர் இல்லை. 2020-ல் கொரோனாவில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காப்பாற்ற தினமும் 6 மில்லிகிராம் கொடுத்தார்களே, அதேதான். விலை மலிவான பழைய மருந்து. நரம்பை மரக்கவைக்கும் பியூபிவக்கேன், ரோபிவக்கேன் போன்ற மருந்துகள் தனியாகப் போட்டால் பெரும்பாலும் அரை நாளுக்குள் விட்டுவிடும். அதாவது காலையில் போட்டால் சரியாக நடு இரவில், பார்க்க ஆளில்லாத நேரத்தில் வலி தொடங்கும். ஸ்டீராய்டு சேர்த்தால் மரப்பு நீள்கிறது. 2017-ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நரம்புக்குப் பக்கத்தில் சேர்த்தால் சராசரியாக ஆறரை மணி நேரத்துக்குச் சற்று மேல் நீள்கிறது என்று தெரிந்தது. என்னை வியக்க வைத்தது அடுத்த விஷயம். அதே மருந்தை நரம்புப் பக்கம் போடாமல் சாதாரணமாக ரத்தக் குழாயில் ஏற்றினாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது நரம்புப் பக்கம் போடுவது மூன்று மணி நேரம்போல் கூடுதலாக நின்றது, அவ்வளவே. நரம்பைச் சுற்றிப் போடுவது அந்த மருந்தின் லேபிளில் எழுதியிருக்கும் உபயோகம் இல்லை. டாக்டர்கள் தங்கள் அனுபவத்தையும் ஆய்வுகளையும் வைத்துச் செய்வது, உலகம் முழுக்க நடப்பது. அதனால் சிலர் ரத்தக் குழாயில் கொடுப்பதையே விரும்புகிறார்கள். எந்த வழியில் கொடுத்தாலும் சுகர் ஏறும், ஏனென்றால் எப்படியும் மருந்து ரத்தத்தில் கலந்துவிடுகிறது.

எட்டு மில்லிகிராம் என்றால் சின்ன எண்ணாகத் தெரியும். வீசிங்குக்குக் கொடுக்கும் பிரெட்னிசலோன் மாத்திரைக் கணக்கில் அது 50 மில்லிகிராமுக்கும் மேல். என்னைப் போல் சுகர் உள்ளவருக்கு அது ஏறாமல் எப்படி இருக்கும்? எனக்கு மறுநாள் சாயங்காலம் 262, அதற்கு அடுத்த நாள் 188, மூன்றாம் நாள் பழைய நிலை. இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டீராய்டே வேண்டாம் என்று சண்டை போட வேண்டாம். எங்கள் தெருவில் நான் இதைச் சொன்னதும் "ஸ்டீராய்டா, புண் ஆறாதே, எலும்பு கரையுமே" என்று இரண்டு பேர் பயமுறுத்தினார்கள். அது மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கான பயம். 2021-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சுகர் உள்ளவர்களையும் சேர்த்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். ஆபரேஷன் சமயத்தில் ஒரே ஒரு தடவை 8 மில்லிகிராம் ரத்தக் குழாயில் கொடுத்ததால் ஆபரேஷன் புண்ணில் தொற்று கூடவில்லை. வாந்தியும் குறைந்தது. எனக்கு மறுபடி ஆபரேஷன் என்றால் இதே மருந்துக்குத்தான் ஒத்துக்கொள்வேன். தெரிந்துகொண்டு ஒத்துக்கொள்வேன், அதுதான் வித்தியாசம்.

நீங்கள் போவதாக இருந்தால், மரக்கும் ஊசியில் ஸ்டீராய்டு சேர்ப்பீர்களா, எவ்வளவு என்று கேளுங்கள். கை எத்தனை மணிவரை மரத்திருக்கும், எத்தனை மணி தாண்டினால் நான் கவலைப்பட வேண்டும் என்று கேளுங்கள், இரண்டும் வேறு வேறு கேள்விகள். கழுத்துப் பக்கம் போடும் ஊசி என்றால் இமை தொங்குவது, குரல் கம்முவது, மூச்சை இழுத்துவிட லேசாகச் சிரமமாக இருப்பது பற்றியும் கேளுங்கள். ஆனால் வாய் கோணினால், பேச்சு குழறினால், காலும் இழுத்துக்கொண்டால், மூச்சுத் திணறல் கூடிக்கொண்டே போனால், ஊசியால்தான் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு வீட்டில் இருக்காதீர்கள், ஓடுங்கள். அன்றிரவு ஆஸ்பத்திரிக்கு ஓடியதற்கு நான் வருந்தவில்லை.

சுகர் இருந்தால் இரண்டு நாள் எத்தனை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், எந்த எண்ணைத் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். எனக்கு இப்போது சொல்லியிருப்பது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 250 தாண்டினால் போன். உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தானாக இரட்டிப்பாக்கிப் போட்டுவிடாதீர்கள், ஏறின சுகர் இறங்கும்போது ஒரேயடியாக விழுந்துவிடும்.

வலி மாத்திரை விஷயத்தை இன்னொரு தடவை சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் காலைப் பொழுது எனக்கு இன்னும் கனவில் வருகிறது. மரப்பு விடும்போது வலி படிப்படியாக வருவதில்லை, அதுவும் எலும்பு ஆபரேஷனில் மொத்தமாக வந்து நிற்கும். வந்த பிறகு மாத்திரை போட்டால் அது ஓடிப் பிடிக்க நேரமாகும். அதனால் வலி இல்லாவிட்டாலும் படுக்கும் முன் முதல் மாத்திரை, பிறகு மணிக் கணக்குப்படி அடுத்தது என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுகரோடு சிறுநீரகக் கோளாறும் இருப்பவர்களுக்கு எல்லா வலி மாத்திரையும் ஒத்துக்கொள்ளாது, அதையும் சொல்லிவிடுங்கள்.

கை மரத்திருக்கும்போது அது பச்சைக் குழந்தை மாதிரி. தனக்கு என்ன ஆகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அடுப்புப் பக்கம் போகாதீர்கள், சுடுதண்ணீர்ப் பை வைக்காதீர்கள், கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டாலும் தெரியாது. தூளியைத் தூங்கும்போதும் கழற்றாதீர்கள். கட்டு இறுகினால் வரும் வலியும் தெரியாது என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விரல் நிறத்தைப் பாருங்கள். நீலமாகவோ வெளிறியோ, பளபளவென்று வீங்கியோ, சில்லென்றோ இருந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தனியாக இருப்பவர்கள் அந்த ஓர் இரவுக்கு மட்டுமாவது யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறேன் என்று வாய் திறந்து கேளுங்கள். நான் கேட்கவில்லை, சிரமம் கொடுக்கக் கூடாது என்று நினைத்துவிட்டேன்.

போன மாதம் என் சின்னம்மாவுக்குத் தோளில் ஆபரேஷன், அவருக்கும் சுகர். துணைக்குப் போனேன். மயக்க மருந்து டாக்டர் வந்ததும் என் நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. டெக்ஸாமெத்தசோன் நான்கு மில்லிகிராம், ரத்தக் குழாயில், நாளை காலைவரை மரப்பு இருக்கும் என்று சீட்டின் ஓரத்தில் தன் கையாலேயே எழுதி, போன் நம்பரும் போட்டுக் கொடுத்தார். இரவு ஒன்பதரைக்கு முதல் மாத்திரை போட வைத்தேன். சுகர் 231 வரை போனது, நாங்கள் பயப்படவில்லை. காலை ஐந்து மணிக்கு, "ஏண்டி, விரல் அசையுதுடி" என்று சின்னம்மா என்னை எழுப்பினார். வலிக்கிறதா என்று கேட்டேன். லேசா இருக்கு, காபி போடு என்றார்.